குதிர் மறைந்த வீடும் தெருப்பூனையும்

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கோமுகி ஆற்றின் இரு கரைகளிலும் விரியும் கள்ளக்குறிச்சி வட்டாரம் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் நிலம். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரோ நெடுங்காலம் சாமை முதலிய சிறுதானியங்களை நம்பி வாழ்ந்தவர்கள். இவ்வட்டாரத்தில் பூனைக்கும் மனிதருக்கும் இருந்த உறவை விளங்கிக்கொள்ள, தானியம் எங்கே வைக்கப்பட்டது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அறுவடையான நெல்லை அடுத்த போகம்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த காலத்தில், மண்ணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் சாணமிட்டு மெழுகிய குதிர் என்னும் களஞ்சியமும், கூரைக்கடியில் பலகையிட்ட பரணில் அடுக்கிய விதை மூட்டைகளும் எலியை வரவழைத்தன. எலியைத் தேடிப் பூனை வந்தது. அதை எவரும் விலைகொடுத்து வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஈன்ற குட்டிகளுள் ஒன்று தானாகவோ கேட்டு வாங்கியோ வந்து சேர்ந்து, பழைய சோற்றையும் மீன் முள்ளையும் தின்று அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டது. இன்னார் பூனை என்று ஆளுக்கு உரியதாக இராமல் அது வீட்டுக்கு உரியதாகவே இருந்தது. பாலையும் தயிரையும் அதனிடமிருந்து காப்பதற்கென்றே, பானையைக் கயிற்றில் தொங்கவிடும் உறி அதே வீட்டில் இருந்தது. காவலுக்கு வைத்த விலங்கிடமிருந்தே காவல் தேவைப்பட்ட இந்த ஏற்பாட்டில், அன்பு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இந்த இரட்டை மனநிலை மரபிலும் தொடர்ந்து காணப்படுகிறது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில், முன்கால்களை உயர்த்தித் தவம் புரியும் பூனையையும் அதைச் சுற்றி அச்சமின்றி நிற்கும் எலிகளையும் செதுக்கிப் போலித்துறவை எள்ளினான். மனு நூலும் வேடதாரியைப் பூனை நோன்பினன் என்றே பழிக்கிறது, ஆனால் அதே நூல் பூனையைக் கொன்றவனுக்குக் கழுவாயும் விதிக்கிறது. தெருவில் குறுக்கே போனால் தீநிமித்தமான இவ்விலங்கு, தென்கலை வைணவத்தில் இறையருளுக்கே உவமையாயிற்று. தாய்ப்பூனை குட்டியின் முயற்சி ஏதுமின்றித் தானே அதை வாயில் கவ்விச் செல்வதுபோல் இறைவன் உயிரை ஆட்கொள்கிறான் என்னும் இக்கொள்கைக்கு மார்ஜார நியாயம் என்று பெயர். தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வடகலையின் மர்க்கட நியாயத்துக்கு இது எதிரானது. முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் ஓரிடைகழியில் சந்தித்ததாக வைணவ மரபு போற்றும் திருக்கோவிலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ளது என்பதால், இந்த உவமை இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. பூனை வாய்வைத்த நீர் தூய்மை கெடாது என்னும் இஸ்லாமிய மரபையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

அரசு பூனையைக் கவனித்ததோ மிக அரிது. 1896இல் பம்பாயில் தோன்றிப் பரவிய பிளேக் நோய் எலிகள்வழிப் பரவுகிறது என்பது தெளிவானபின், புக்கானன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரி, பூனைகள் மிகுந்த ஊர்களில் நோய் குறைந்திருந்ததாகக் கூறிப் பூனை வளர்ப்பை வலியுறுத்தினார். ஆனால் 1890ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச்சட்டம் வீட்டு விலங்கையும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்கையும் மட்டுமே விலங்கு என வரையறுத்தது. பாரம் மிகுந்த வண்டியிழுக்கும் மாடும் குதிரையுமே அதன் கண்ணில் பெரிதாகப் பட்டன.

பூனை தன் வேலையை இழந்தது விடுதலைக்குப் பிந்தைய காலத்தில்தான். களத்திலிருந்தே நெல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் அரிசி ஆலைக்கும் செல்லத் தொடங்கியது. உண்ணும் அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வந்தது, 2011 ஜூன் முதல் அது விலையின்றியே கிடைத்தது. கூரை வீடு சிமெண்டு வீடானபோது பரணும் குதிரும் மறைந்தன. எலி ஆலைக்கும் கிடங்குக்கும் சாக்கடைக்கும் இடம்பெயர்ந்தது, பூனை மட்டும் தெருவில் நின்றது. தெருப்பூனை என்று இன்று அழைக்கப்படுவதில் பெரும்பகுதி, குதிரோடு வேலையும் போன வீட்டுப்பூனையின் வழித்தோன்றலே. பெருகிய குட்டிகளைச் சாக்கில் கட்டி, வழி தெரியாதபடி ஆற்றுக்கு அப்பாலோ சந்தைத் திடலிலோ விட்டுவரும் வழக்கம், கொல்லும் பாவத்துக்கு அஞ்சியவர்கள் கண்ட நடுவழியாகும்.

அந்த நடுவழியைச் சட்டம் 1960இல் குற்றமாக்கியது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக உருவான விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத உயிர் அனைத்தையும் விலங்கு என வரையறுத்ததோடு, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதையும் தண்டனைக்குரியதாக்கியது. முதல் குற்றத்துக்கான தண்டம் பத்து முதல் ஐம்பது ரூபாய், அது ஏறக்குறைய ஒரு பேச்சுக்கான தொகையே. 1962இல் அமைந்த விலங்குநல வாரியம் ருக்மிணி தேவியின் தலைமையில் சென்னையிலிருந்து இயங்கியது. அதற்கு முன்பே, 1959இல், கேப்டன் வி. சுந்தரம் புளூ கிராஸ் அமைப்பைச் சென்னையில் தொடங்கியிருந்தார். எனினும் வெறிநோய் அச்சத்தால் நாயே முன்னிலை பெற்றது; 2001ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள், 2023இல் மாற்றப்படும்வரை, பெயரிலேயே நாய்களுக்கானவையாக இருந்தன.

ஆகவே கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் பூனையைப் பேணுதல், எங்கும்போல, தனியாட்களின் வேலையாகவே நிற்கிறது. அதன் அன்றாடம் எளிமையானது, ஆனால் தவறுக்கு இடமிக்கது. குட்டியை வாயில் கவ்வி ஏழு வீடு மாற்றும் என்னும் ஊர்வழக்கு உண்மையில் பூனையின் இயல்பைச் சொல்கிறது. தாய் இடம் மாற்றும் வேளையில் தனித்திருக்கும் குட்டியை அநாதை என எண்ணி எடுத்துவிடுவோர் பலர், சில மணிநேரம் தொலைவில் நின்று பார்த்திருந்தால் தாய் திரும்பியிருக்கும். உண்மையிலேயே தாயற்ற குட்டியாயின், முதலில் உடலைச் சூடாக்கிய பின்னரே ஊட்ட வேண்டும். குளிர்ந்த உடல் உணவைச் செரிப்பதில்லை, பசும்பாலோ கழிச்சலைத் தரும். அரசு கால்நடை மருந்தகங்களின் பெரும்பொழுது மாட்டுக்கும் ஆட்டுக்கும் செல்வதால், பூனைக்கு அறுவைக் கருத்தடை செய்ய ஏற்ற இடம் தேடி அலைய நேர்கிறது. ஏறத்தாழ ஒன்பது வாரக் கருக்காலம் கொண்ட பெட்டைப்பூனை அதற்குள் அடுத்த ஈற்றுக்கு ஆயத்தமாகிவிடும். கருத்தடைக்குப் பின் பூனையைப் பிடித்த தெருவிலேயே விடுவதுதான் முறை, ஏனெனில் உணவுள்ள இடம் காலியானால் வேறு பூனை வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டவர்களின் தெருவில் பூனை குறையாமற்போனதற்கும் இதுவே காரணம்.