நெஞ்சொடு கிளத்தல்

நெஞ்சொடு கிளத்தல் என்பது காதலில் வருந்தும் ஒருவர் தம் நெஞ்சை வேறொரு ஆளாக முன்னிறுத்தி, அதனோடு பேசித் தம்மைத் தேற்றிக்கொள்ளும் அகப்பொருள் மரபு ஆகும். கேளாதனவற்றைக் கேட்பன போலக் கொண்டு கூறும் இம்முறைக்குத் தொல்காப்பியப் பொருளியல் இலக்கணம் வகுக்கிறது.

திருக்குறளில்

காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் இரண்டு நெஞ்சை நோக்கியவை. 125ஆம் அதிகாரமான நெஞ்சொடு கிளத்தலில் (குறள் 1241-1250) பிரிவால் வாடும் தலைவி நெஞ்சிடம் மருந்து கேட்கிறாள். அன்பில்லாதவரை எண்ணி நோவது பேதைமை என இடித்துரைக்கிறாள். காமம், நாண் இரண்டையும் ஒருங்கே தாங்க இயலாது, ஒன்றை விட்டுவிடு என்கிறாள். 130ஆம் அதிகாரமான நெஞ்சொடு புலத்தலில் நெஞ்சு அவர் பக்கம் சாய்ந்துவிட்டதே என்று அதனோடு ஊடுகிறாள். அறிவுரை கூறியும் நெஞ்சு அடங்குவதில்லை என்பதே இவ்வதிகாரங்களின் உயிர்நிலை.

சங்க இலக்கியத்தில்

எட்டுத்தொகை அகநூல்களில் "தலைவன் நெஞ்சிற்குச் சொல்லியது" என்னும் துறையில் பல பாடல்கள் உள்ளன. நற்றிணை 284ஆம் பாடலில், தலைவியிடம் திரும்பு என்கிறது நெஞ்சு. எடுத்த வினையை முடிக்காது விடுவது இழிவு என்கிறது அறிவு. இடைப்பட்ட உடல், இரு யானைகள் பற்றியிழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல அழிகிறது. இவ்வுவமையாலேயே இதன் ஆசிரியர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார்.

கொங்கு நாட்டுத் தொடர்பு

பாலை பாடிய பெருங்கடுங்கோ சேர அரசர். பிரிவைப் பாடுவதில் புகழ்பெற்றவர். இவர் பாடிய அகநானூறு 379ஆம் பாடலில், பொருள் தேடச் செல்லத் துணிந்த நெஞ்சை விளித்துத் தலைவன் பேசுகிறான். கொங்கு நாட்டின் கரூர் மாவட்டத்தில் உள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் பெருங்கடுங்கோ என்னும் சேரர் பெயர் காணப்படுகிறது. சமண முனிவருக்குக் கற்படுக்கை அமைத்ததைக் கூறும் இக்கல்வெட்டில் வரும் பெருங்கடுங்கோவையும் புலவரையும் ஒருவராகக் கொள்ளும் அறிஞர்களும் உளர்.

இலத்தீன் இலக்கியத்துடன் ஒப்பீடு

கி.மு. முதலாம் நூற்றாண்டினரான கட்டுல்லசு, வெரோனா நகரில் பிறந்த இலத்தீன் கவிஞர். லெசுபியா என்னும் புனைபெயரால் தம் காதலியைப் பாடினார். 19 அடிகள் கொண்ட அவரது 8ஆம் பாடலில், தம்மையே பெயர் சொல்லி அழைத்து, இழந்ததை இழந்ததாகக் கொள், உறுதியோடு இரு என்று கட்டளையிடுகிறார். இடையில் அவளை நோக்கிக் கேள்விகளை அடுக்கத் தொடங்கி, மீண்டும் தம்மைக் கடிந்துகொள்கிறார். 76ஆம் பாடலில் காதலை நோயாகக் கருதி, அதனை நீக்குமாறு கடவுளரை வேண்டுகிறார். தமிழ் அகப்பாடல்களிலும் காமம் நோய் எனப்படும்.

இரு மரபுகளுக்கும் இடையே முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது. ஆகவே துன்பம் எவருக்கும் பொதுவாகிறது. கட்டுல்லசு தம் பெயரையே பாட்டில் வைக்கிறார். எனினும் பேசுபவர் இரண்டாகப் பிளந்து நிற்பதும், அறிவு வெல்லாமல் போவதும் இரு மொழிப் பாடல்களுக்கும் பொதுவானவை.