இல்லத்தின் மூலையிலிருந்து பகல்நேர மையம் வரை

மணிமேகலை கற்றோர் ஆபுத்திரனை மறந்திருக்க மாட்டார். மதுரை மாநகரின் அம்பலம் ஒன்றில் தங்கிய அவன், மனைதோறும் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் இழந்தோர்க்கும் கால் முடம்பட்டோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பிணியுற்றோர்க்கும் அளித்து, எஞ்சியதையே தான் உண்டான் என்பார் சாத்தனார். உடற்குறையுடையோரைத் தமிழர் அறம் மறந்ததில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. உண்டபின் அவர்கள் அப்பகற்பொழுதை எவ்வாறு கழித்தனர்? காப்பியம் அதனைக் கூறவில்லை. பசி தீர்ப்பதோடு அறம் நிறைவெய்திவிடும் என்று நெடுங்காலம் உலகம் எண்ணியது. வளர்ந்த ஒருவருக்கு உணவைப் போலவே செய்வதற்கு ஒரு செயலும், செல்வதற்கு ஓர் இடமும், பழகுவதற்கு நாலு மனிதரும் வேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டிலேதான் செயல் வடிவம் பெற்றது. வளர்ந்த மாற்றுத்திறனாளர்க்கான பகல்நேர மையங்கள் அவ்வெண்ணத்தின் விளைவே. அவற்றின் வரலாற்றையும் அவற்றால் விளையும் நன்மைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிலுக்குள் மறைத்த காலம்

மலாயாவில் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பெற்றது. நாளடைவில் அவ்வூரின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிப் பள்ளித் திடல்களிலும் வழங்கலாயிற்று. நாமும் சிறுவயதில் அதனைச் சொல்லிச் சிரித்தவர்களே. மனநோய் வேறு, அறிவுத்திறன் வளர்ச்சியில் ஏற்படும் குறைபாடு வேறு. முன்னது எந்த வயதிலும் வரக்கூடியது, மருத்துவத்தால் தணியக்கூடியது. பின்னது பிறவியிலோ இளமையிலோ தோன்றிக் கற்றலை மெதுவாக்குவது. இரண்டையும் ஒன்றென மயங்கிய சமுதாயம் இருவரையும் ஒதுக்கியது. ஒன்று, மதில் சூழ்ந்த விடுதி. மற்றொன்று, வீட்டின் பின்கட்டு மூலை. இவ்விரண்டையன்றி மூன்றாவது வழி ஒன்று இருந்ததில்லை.

மூன்றாவது வழி பிற நாடுகளில் சிறுகச் சிறுகவே புலப்பட்டது. இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அறிவுத்திறன் குறைந்தோரை விடுதிகளில் அடைக்க வழிவகுத்தது. ஆயினும் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களுக்காகத் தொண்டு மனப்பான்மையுடையோர் கைத்தொழில் மையங்களைத் திறந்தனர். 1930களில் மாஸ்கோவில் மருத்துவமனைப் படுக்கைகள் போதாமையால், மனநோயாளர் பகலில் வந்து மாலையில் இல்லம் திரும்பும் முறை தோன்றியது. 1946இல் மொன்றியல், இலண்டன் நகரங்களிலும் இத்தகைய முயற்சிகள் எழுந்தன. பற்றாக்குறையால் பிறந்த இம்முறை ஓர் உண்மையை உணர்த்திற்று. மாலையில் வீடு திரும்புபவர் தம் குடும்பத்தை இழப்பதில்லை. குடும்பமும் அவரை இழப்பதில்லை.

1959ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திற்குப்பின் இங்கிலாந்தின் ஊராட்சி மன்றங்கள் வளர்ந்தோர்க்கான பயிற்சி மையங்களைப் பெருக்கின. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நோயாளிகள் துன்புறுத்தப்பட்ட செய்தியை 1969ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை நாடறியச் செய்தது. 1971இல் வெளிவந்த அரசாங்க வெள்ளை அறிக்கையோ, பெரும் விடுதிகளைக் குறைத்துச் சமூகத்தினிடையே பகல்நேர மையங்களை வளர்க்க வேண்டுமென்று நெறிகாட்டியது.

தோட்டமும் ஆயாக் கொட்டகையும்

நம் தோட்டப்புற வாழ்வை நோக்குவோம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று மரம் சீவிய தாய்மார், தம் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். பகலில் ஒருவரைக் காத்து, மாலையில் குடும்பத்திடம் ஒப்படைக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஆனால் அக்கொட்டகை குழந்தைக்கே உரியது. இருபது வயதாகியும் தானே உண்ண இயலாத மகனுக்கு அங்கே இடமில்லை. அவன் லயத்து வீட்டில் பாட்டியின் காவலில் இருந்தான். பாட்டி மறைந்தபின் பூட்டிய கதவின் காவலில் இருந்தான்.

இதனை எழுதும் எனக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. 1990களின் தொடக்கத்தில், யான் இளம் ஆசிரியனாக இருந்த ஒரு தோட்டப்பள்ளியில் சிறுவன் ஒருவன் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். இரண்டு மாதமாகியும் பென்சிலைப் பிடிக்க அவனுக்குக் கைவரவில்லை. யான் அவன் தந்தையை அழைத்து, “இவனுக்குப் படிப்பு ஏறாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர், “சரிங்க சார்” என்று கூறி மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் யானே.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அத்தாயின் இறப்புக்குச் சென்றேன். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்திருந்தது. முப்பது வயதை எட்டிய அம்மகன் சுவரோரம் அமர்ந்திருந்தான். அவனுக்கு நகம் வெட்டியதும் சட்டை மாட்டியதும் தாய்தான். “நான் இருக்கிற வரைக்கும் பரவாயில்லைங்க சார், அப்புறம்?” என்று தந்தை கேட்டார். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. யான் அன்று பள்ளியைவிட்டு அனுப்பியபோது, எங்கே அனுப்புகிறோம் என்று எண்ணிப் பார்த்தேனில்லை.

பத்து ராக்கிட்டில் தோன்றிய விடை

அவ்வினாவிற்கான விடை நம் நாட்டில் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1978இல் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, மருத்துவ நலம் மக்கள் வாழுமிடத்திற்கே செல்ல வேண்டும் என்று அறிவித்தது. அதனை ஒட்டி, உலகச் சுகாதார நிறுவனம் மாற்றுத்திறனாளர்க்கு அவரவர் ஊரிலேயே பயிற்சியளிக்கும் கையேடு ஒன்றை உருவாக்கியது. அதனை எழுதியோருள் இலங்கையைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் பத்மானி மெண்டிஸ் அம்மையாரும் ஒருவர். 1981ஆம் ஆண்டு அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது.

1984ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் மலேசியாவின் முதல் சமூக மறுவாழ்வுத் திட்டம் 55 பயிற்சியாளர்களுடன் தொடங்கியது. மலாய்மொழிப் பெயரின் முதலெழுத்துகளால் ‘பி.டி.கே.’ என்று இன்று வழங்கப்பெறும் அத்திட்டத்தின்கீழ் நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்கி வந்துள்ளன. சமூகநல இலாகா நிதியுதவி நல்குகின்றது; பெற்றோரும் ஊர்மக்களும் அடங்கிய செயற்குழு மையத்தை நடத்துகின்றது. பணியாளர் சிலர் வீடு தேடிச் சென்றும் கற்பிப்பர். குழந்தைகளும் வளர்ந்தோரும் ஒருங்கே பயில்வர். உடலசைவு, கைவினை, பேச்சு, தன்னைத் தானே பேணுதல், பிறரோடு பழகுதல் முதலியன பயிற்சிகளாம்.

இம்மையங்களால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, பயில்வோர்க்கு உரியது. கற்ற திறன் பயன்படுத்தப்படாவிடில் தேயும் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். சிறப்புக் கல்வி வகுப்பில் பொத்தான் மாட்டக் கற்றவன், பள்ளி வயது முடிந்து வீட்டில் முடங்கினால் ஈராண்டில் அதனை மறந்துவிடக்கூடும். நாள்தோறும் செல்லும் மையமோ அத்திறனைக் காத்து மேலும் வளர்க்கும். இரண்டாவது, குடும்பத்திற்கு உரியது. சில மணிநேரமேனும் கை ஓய்ந்தால்தான் தாயால் மருத்துவரிடம் செல்லவோ வேலைக்குப் போகவோ இயலும். மூன்றாவது, சமுதாயத்திற்கு உரியது. நாள்தோறும் கண்முன் நடந்து செல்பவரைக் கண்டு ஊரார் அஞ்சுவதில்லை. மறைக்கப்பட்டவரைக் குறித்தே கட்டுக்கதைகள் பிறக்கின்றன.

மேற்சொன்ன இளைஞனுக்கும் இத்தகைய மையம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஓராண்டு கழித்துக் கண்டேன். அவன் எழுதக் கற்றிருக்கவில்லை. ஆனால் தன் சட்டையைத் தானே அணிந்தான்; உண்ட தட்டைக் கழுவினான்; செடிகளுக்கு நீர் வார்த்தான். மையத்தின் எதிரேயிருந்த கடைக்காரர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார். தந்தையோ, நெடுநாள் ஒத்திவைத்த தம் கண் சிகிச்சையை முடித்திருந்தார். அவர் கேட்ட வினா முற்றும் தீர்ந்ததென்று கூறேன். ஆயினும் அன்று அவ்வினாவை அவர் தனியாகச் சுமந்தார். இன்று அவரோடு சுமக்கப் பலர் இருக்கின்றனர்.

எஞ்சி நிற்கும் கடமை

குறைகளையும் கூறாவிடில் வரலாறு நிறைவுறாது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பெற்றது. ஐக்கிய நாட்டு மன்றத்தின் உரிமை உடன்படிக்கையை நாடு 2010இல் உறுதிசெய்தது. ஆயினும் 2008ஆம் ஆண்டுச் சட்டம், மீறுவோர்க்குத் தண்டனை எதனையும் விதிக்காமலே இயற்றப்பட்டது. பல மையங்கள் அரைநாளே இயங்குகின்றன. ஏழு வயதுச் சிறுவனும் நாற்பது வயது மனிதரும் ஒரே அறையில் அமர்வதுண்டு. போக்குவரத்து இன்மையால் வர இயலாதோரும் உளர். அண்டை நாடான சிங்கப்பூரில் 1962இல் பெற்றோரும் ஆர்வலரும் தொடங்கிய சங்கமே இன்று பல மையங்களை நடத்தும் ‘மைண்ட்ஸ்’ அமைப்பாக வளர்ந்துள்ளது. அங்கு 2007 முதல் மாற்றுத்திறனாளர்க்கெனத் தொடர் பெருந்திட்டங்கள் வகுக்கப்பட்டு வருகின்றன. நாமும் அவ்வாறு நீள நோக்கித் திட்டமிடுதல் நன்று.

நமக்கே உரிய குறையும் ஒன்றுண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவர், மலாய்மொழி வழங்கும் மையத்தில் முதல் நாளிலேயே திகைத்துப் போகிறார்; தம் பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று பெற்றோர் திரும்ப அழைத்துச் சென்றுவிடுகின்றனர். மொழி தெரியாமை அறிவின்மையாகக் கொள்ளப்படுகிறது. வாரம் ஒருநாள் அங்குச் சென்று தமிழில் பேசி, அவருக்கும் மையத்தார்க்கும் பாலமாக விளங்கத் தமிழாசிரியரைக் காட்டிலும் தகுதியுடையோர் யாவர்?

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள் மணிமேகலை. நம் ஊர்களில் பூட்டிய கதவுகள் இன்னும் சில இருக்கின்றன. ஆசிரியப் பெருமக்களே, மாணவமணிகளே! உங்கள் பள்ளியின் பழைய பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இடையில் அடிக்கப்பட்ட பெயர்களுக்கு உரியவர்கள் இன்று எங்கே இருக்கின்றார்கள் என்று விசாரியுங்கள். அருகிலுள்ள மையம் எது என்பதை அவர்தம் குடும்பத்தார்க்கு எடுத்துரையுங்கள். யான் இருபது ஆண்டு தாழ்த்திச் செய்ததை நீங்கள் இவ்வாண்டிலேயே செய்தல் கூடும்.