உருவமும் உரிமையும்

தமிழகத்தில் ஒளிப்படக்கலை பரவிய வரலாற்றை எழுதுவோர் கருவியைப் பற்றியும் அதனைக் கையாண்டாரைப் பற்றியும் விரித்துரைப்பர். கருவியின் முன் நின்றாரைப் பற்றி அவர்கள் கூறுவன மிகச் சிலவே. படம் எடுப்பார்க்கும் எடுக்கப்படுவார்க்கும் இடையே நிலவிய உரிமைத் தொடர்பு காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதனை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் செய்திகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிழற்படம், புகைப்படம் என்னும் வழக்குகள் உளவேனும் ஒளிப்படம் என்னும் சொல்லையே நாம் ஈண்டு ஆள்கின்றோம்.

இவ்வட்டாரம் உருவெழுதும் கலைக்குப் புதியதன்று. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் பக்கத்தே மண்டகப்பட்டில் குடைவரை கண்ட மகேந்திரவர்மன், சித்திரகாரப்புலி என்னும் விருதுப்பெயர் பூண்டவன். அதற்கு அணித்தாகவே பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. அங்குச் சிற்றறை ஒன்றின் சுவரில், தலைக்குமேல் குடை நிழற்ற, ஒரு காலை மடித்து, உடலை மெல்ல வளைத்து, இறைவன் ஆடலைக் கண்டு நிற்கும் உமையின் ஓவியம் சிதைந்தும் சிதையாமலும் எஞ்சியிருக்கின்றது. இன்று விளம்பரத் துறையில் புக விரும்பும் மகளிரை ஒளிப்படம் எடுப்பார் 'இவ்வாறு நிற்க' என்று காட்டும் நிலை ஏறத்தாழ இதுவே. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நிற்கும் நிலை மாறவில்லை. நிற்பாரின் நிலைதான் மாறியுள்ளது.

காண்பாரும் காணப்படுவாரும் என்னும் இருதிறத்தாரையும் ஒருங்கே காட்டும் இலக்கியப் பகுதி மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையாகும். மணிமேகலையும் சுதமதியும் புகார் நகர வீதியில் செல்கையில் எதிர்ப்படும் கூட்டங்களைச் சாத்தனார் ஒவ்வொன்றாகக் கூறிச் செல்கின்றார். தாடியும் பூங்குழலும் ஒருங்கே உடைய பேடிக்கோலத்து ஆடலைக் காண நிற்பார் ஒருசாரார். மாடங்களின் சுதைச்சுவரில் வித்தகர் தீட்டிய ஓவியங்களைக் காண நிற்பார் மற்றொரு சாரார். பின்னர் அவ்வூரார் மணிமேகலையையே சூழ்ந்து நின்று கண்டு இரங்குகின்றனர். ஆடலையும் ஓவியத்தையும் துறவுக்கோலத்து இளம்பெண்ணையும் ஒரே வீதியில், ஒரே வகைக் கண்களால் காணும் கூட்டத்தைப் புலவர் அடுத்தடுத்து வைத்தது தற்செயலன்று என்பது நம் கருத்து. ஆடிய பேடி தம்மைக் காண்பாரைப் பற்றி யாது எண்ணினார் என்பதனை அவர் உரைத்திலர். அக்காலத்துப் பேடு என்னும் கூத்தையும் இக்காலத் திருநங்கையர் வாழ்வையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஆண்மை திரிந்த பெயர்ச்சொற்களைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைப் பாற்படுத்தி முடிபு கூறியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒளிப்படக்கருவி சென்னை மாகாணத்திற்கு வந்தபோது அஃது ஆட்சியாளரின் கருவியாகவும் வந்தது. 1856இல் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட இலின்னேயசு திரைப் என்பார் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். கற்களுக்கு நாணம் இல்லையாதலின் அப்படங்களைப் பற்றி ஈண்டு நாம் வழக்காட வேண்டுவதில்லை. மக்களைப் படமெடுத்த முயற்சிகளே வேறு வகையின. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலத் தொகுப்பிலும், சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும், படத்தின் கீழ்ப் பெரும்பான்மையும் காணப்படுவது ஆளின் பெயரன்று, குலத்தின் பெயரே. மூக்கையும் மண்டையையும் அளந்த கையே கருவியையும் இயக்கிற்று. நின்றார் தம் படத்தைக் கேட்டுப் பெறுதல் என்னும் எண்ணத்திற்கே அங்கு இடமில்லை.

இந்நிலையை மாற்றியது அறிவியலோ அரசியலோ அன்று, கடைத்தெரு. சிற்றூர்களிலும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றியபின், காசு கொடுப்பவரே நிற்கும் நிலையையும் பின்னணித் திரையையும் தேர்ந்தனர். பிடித்த படியை வாங்கினர். பிடிக்காததை மீண்டும் எடுக்கச் செய்தனர். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் அண்மையதான புதுச்சேரியில், அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர் சிலர் தமிழ்நாட்டு நிலையங்களின் பழம்படங்களைத் தேடித் திரட்டி, இலக்கமுறைப் படிகளாக்கிப் பாதுகாத்துள்ளனர். மணமக்கள், குழந்தைகள், நாற்காலியின் கையைப் பற்றி நிற்கும் பாட்டியர் என விரியும் அத்தகைய படங்களை நோக்குவார், தர்ஸ்டன் நூலில் காணாத ஒன்றைக் காண்பர். ஈண்டு நிற்போர் தாம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துகொண்டு நிற்கின்றனர்.

இவ்வரலாற்றின் அடுத்த நிலையை நாம் விழுப்புரத்திலேயே காண்கின்றோம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் சித்திரைப் பெருவிழா நடைபெறும். இவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. நிறைமதி நாளிரவில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அவன் களப்பலியானபின் தாலி அறுத்து அழுவதும் யாவரும் அறிந்தவை. இதற்கு முன்னதாக விழுப்புரம் நகரில் 'மிஸ் கூவாகம்' என்னும் அழகிப் போட்டி நடத்தப்படுகின்றது. பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் விழா நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் நடந்தது. நடையிலும் ஆடலிலும் வினாக்களுக்கு விடை கூறுவதிலும் தம் திறம் காட்டும் இவர்களுள், விளம்பரத்திலும் திரைத்துறையிலும் புக விரும்புவோர் பலர்.

அவ்விருப்பம் நிறைவேற முதற்கண் வேண்டுவது மாதிரிப் படத்தொகுப்பு. துறையினர் 'போர்ட்ஃபோலியோ' என்பது அதனையே. முகத்தின் நேர்ப்படம், பக்கப்படம், முழுவுருவப்படம், புடைவையில் ஒன்று, பிற உடையில் ஒன்று, ஒப்பனையில்லாமல் ஒன்று எனப் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். தொழில்முறைக் கலைஞரிடம் எடுப்பதற்குப் பொருள் மிகுதியும் வேண்டும். ஆதலின் பலர் கருவி வாங்கிப் பயிலும் ஆர்வலரை நாடுகின்றனர். ஆர்வலர் படம் தரத்தில் தாழ்ந்ததே என்று கூறுதல் பிழை. 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்று, எதிரொளி தர வெண்ணிறத் தெர்மகோல் பலகை ஒன்று, பொறுமை ஆகிய மூன்றும் உடையார் நன்கு எடுக்கலாம். சித்திரை நண்பகலில் தலைக்குமேல் எரியும் வெயில் புருவத்தின் நிழலைக் கண்ணில் வீழ்த்தும். மாலை ஐந்து மணிக்குமேல் செஞ்சிக் கோட்டைச் சுவரோரம் சாயும் ஒளியோ கருநிற முகத்தின் மேடுபள்ளங்களை அழகுறக் காட்டும். மாதவியின் அரங்கில் தூணின் நிழல் விழாதவாறு விளக்கு அமைத்ததை இளங்கோவடிகள் குறித்தமையை ஈண்டு ஒப்பிடலாம். அழகைக் காட்டுதல் ஒளியை அமைத்தலே என்பதனைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர்.

இடர் ஒளியில் இல்லை, உரிமையில் உள்ளது. விழாநாளில் கூவாகத்திலும் விழுப்புரத்திலும் குவியும் ஆர்வலர் கைகளில் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்கின்றன. அவை கண்காட்சிகளுக்கும் பரிசுப் போட்டிகளுக்கும் செல்கின்றன. தாலி அறுத்து அழுதவர் தம் அழுகை எங்கே தொங்குகின்றது என்பதை அறியார். இது தர்ஸ்டன் காலத்து நிலையே என்று கூறின் சிலர் சினக்கலாம். எனினும் நாம் அவ்வாறே கருதுகின்றோம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவ்விடத்தில் கூர்ந்து நோக்கற்பாலது. படம் எடுத்தவரே அதன் ஆக்கியோர் என்பது பொதுவிதி. ஆயின் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொள்ள, கைம்மாறாகப் பொருள் பெற்று எடுக்கப்பட்ட படத்திற்கு, மாறான உடன்பாடு இல்லாவிடின், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கின்றது. இதன் விளைவு வியப்பிற்குரியது. காசு கொடுத்தவளுக்குப் படம் உரியது. காசின்றிப் பெற்றவளுக்கு அவ்வுரிமை இல்லை. 'இலவசமாக எடுத்துத் தருகின்றேன்' என்று ஆர்வலர் கூறும் அன்புமொழி, வறியவளிடமிருந்து உரிமையை அவளறியாமலே எடுத்துக்கொள்கின்றது. ஒருவரின் உருவத்தை அவர் இசைவின்றி விளம்பரத்தில் பயன்படுத்துதல் அவருடைய தனிவாழ்வுரிமைக்கு மாறானது என்பதை, தமிழ் இதழாகிய நக்கீரன் தொடர்பான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளதேனும், வழக்குமன்றம் செல்லும் வழி எளியார்க்கு நெடிது. ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பெரும்பாலும் அவ்வழி செல்ல வேண்டியதில்லை.

எழுத்துத் துறையில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' திருநங்கையரைப் பற்றிப் பிறர் எழுதிய புதினம். 2004இல் அ. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' ஆகியவற்றில் அவர்களே பேசினர். உருவத்தைப் பற்றிய சொல் அவர்கள் கைக்கு வந்த பின்னும் உருவப்படம் பிறர் பெட்டியிலேயே கிடக்கின்றது.

நாம் விழுப்புரம் சென்றிருந்தபோது, போட்டி நடந்த மண்டபத்தின் பின்புறப் படியில் திருநங்கை ஒருவர் இளைஞர் ஒருவரின் கருவியை வாங்கி, அதில் பதிந்திருந்த தம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட படங்களுள் ஒன்பதை நிறுத்தி, ஏனையவற்றை அவ்விளைஞர் முன்னிலையிலேயே அழித்தார். பின்னர்க் கைப்பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். இளைஞர் வேண்டாவென மறுத்தார். அவர் விடவில்லை, வாங்கிக்கொள்ளச் செய்தபின்னரே படியிறங்கினார்.