கயிறு தளர்ந்தால் என்ன பொருள்?

பூதப்பாண்டியில் நமக்குத் தெரிவது வயலும் மலையுமே. நாகர்கோவிலைத் தாண்டி முட்டம், குளச்சல் கரைக்குச் சென்றால், வள்ளங்களின் பின்புறம் அவுட்போர்டு மோட்டார்களைக் காணலாம். 1980களில் இக்கரையில் பரவியவை, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பழைய மோட்டாரின் கயிறு எதிர்ப்பின்றி வந்துவிட்டால் அமுக்கம் குறைந்துவிட்டது என்று பொருள். எந்த அமுக்கம்?

விடை 1891இல் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே அவ்வாண்டு காப்புரிமை கோரிய எஞ்சினில், ஒரே பிஸ்டன் இரு வேலைகளைச் செய்தது. மேலே சிலிண்டரில் எரிகலவையை அமுக்கியது. கீழே கிராங்கு அறையைப் பம்பாக மாற்றியது. ஆகவே இவ்வகை எஞ்சினில் அமுக்கம் இரண்டு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அவ்விடத்தில் அமுக்கமானியைப் பொருத்திக் கயிற்றை இழுத்தால் மேல் அமுக்கம் தெரியும். இரு சிலிண்டர் மோட்டாரில் இரண்டு அளவுகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும். குறைந்த சிலிண்டரில் சில துளி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கரி படிந்து ஒட்டியிருக்கலாம். உயராவிட்டால் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும்.

மேல் அளவு சரியாக இருந்தும் மோட்டார் கிளம்பவில்லையா? கிராங்கு அறையின் சீல் கசியலாம். அதை இந்தக் கருவி காட்டாது. கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைக் கரையிலேயே அறிந்தவர் நடுக்கடலில் துடுப்பைத் தேடவேண்டியதில்லை.