கூப்பிடு தூரத்தில் ஒரு தலைநகரம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் அவசரம். துறையூர், முசிறி, லால்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஜவுளி எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். மற்றவர்களின் கண் சமயபுரம் பஸ்ஸையோ ஸ்ரீரங்கம் பஸ்ஸையோ தேடும். ஊர் பார்க்க வந்தவர்களோ உச்சிப்பிள்ளையாரை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டோ பிடிப்பார்கள். தாங்கள் நிற்பது பழைய திருச்சிக் கோட்டையின் வடமேற்கு மூலைக்கு அருகில் என்பதும், இந்த மூலைக்காக இரண்டு ஐரோப்பிய நாட்டார் அடித்துக்கொண்டார்கள் என்பதும் யாருக்கும் தோன்றாது. தோன்றுவதற்கு அங்கே மதிலும் இல்லை.

கிழக்கிந்தியக் கும்பினியாருக்குத் திருச்சி ஒருநாளும் தலைநகராக இருந்ததில்லை. அந்தப் பெருமை சென்னைக்கு. ஆனால் தென்னாட்டை யார் ஆள்வது என்ற வழக்கு பெரும்பாலும் இங்கேதான் தீர்ந்தது. மதுரை நாயக்கர்கள் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றுவதும் மதுரைக்கே திரும்புவதுமாக இருந்தார்கள். சொக்கநாத நாயக்கர் காலத்தில் அது மீண்டும் இங்கே வந்து, ராணி மங்கம்மாளையும் கடந்து, 1736இல் ராணி மீனாட்சியோடு முடிந்தது. அவர்கள் கொலுவிருந்த மண்டபம் ராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் இன்று அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. மலையடிவாரக் கடைவீதி நெரிசலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்த வளைவுகளின் கீழே நல்ல நிழல் உண்டு. கூட்டம் மட்டும் இல்லை.

மீனாட்சிக்குப் பின் சந்தா சாகிப், மராட்டியர், நிஜாம் என்று சில ஆண்டுகளுக்குள் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. பிறகு ஆற்காட்டு நவாபு பட்டத்துக்குப் போட்டி. முகமது அலி கோட்டைக்குள்; அவருக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிப் வெளியே. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் ஒதுங்கியிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப் தலை இழந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ராபர்ட் கிளைவ் பெயரே முன்னுக்கு வருவது ஒரு பழக்கதோஷம். திருச்சிக் களத்தில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றவர் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். அவர் பெயரை இந்த ஊரில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது.

அந்தச் சரணோடு போர் ஓயவில்லை. 1753 நவம்பர் இறுதியில் ஓர் இரவு, பிரெஞ்சுக்காரர்கள் கடைசியாக ஒரு கை பார்த்தார்கள். கோட்டையின் மேற்கு மதிலில், வடமேற்கு மூலையை ஒட்டி டால்டன் பீரங்கிமேடு என்று ஓர் இடம். விடியலுக்கு வெகுநேரம் முன்பே அகழியைக் கடந்து, ஏணி சாத்தி, சத்தமில்லாமல் வெளிமதிலில் ஏறி மேட்டைப் பிடித்துவிட்டார்கள். அடுத்து உள்மதில் ஒன்றுதான். அதுவரை பூனை நடை நடந்தவர்கள், பிடித்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த காவல்படையை எழுப்ப வேறொன்றும் தேவைப்படவில்லை. இருட்டில் உள்மதிலைத் தாண்டவும் வழியின்றி, இறங்கவும் வழியின்றி மாட்டிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரியைச் சேசு சபைப் பாதிரிமார் 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். ஏணி சாத்தியும் நிற்க முடியாத அதே மேற்குப் பக்கத்தில், சரியாக 130 ஆண்டுகள் கழித்து அவர்கள் நாட்டவர் நிம்மதியாக வந்து அமர்ந்தார்கள். 1890களில் பிரான்சின் லூர்து ஆலயத்தை மனத்தில் வைத்து, கூர்கோபுரத்தோடு லூர்து மாதா ஆலயத்தையும் எழுப்பினார்கள். தெப்பக்குளத்தருகே கிளைவ் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் வீடும் அந்தக் கல்லூரியின் கைக்கே வந்து மாணவர் விடுதியானது. கிளைவின் பெயரை மட்டும் அவர்கள் நீக்கவில்லை. எதிரியின் பெயரைக் காப்பாற்றிக் கொடுக்கும் பெருந்தன்மை படைத்தளபதிகளிடம் எதிர்பார்க்கக் கூடியதல்ல. பிற்காலத்தில் இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களில் ஒருவர் அப்துல் கலாம்.

தெப்பக்குளத்தருகே இன்னொரு பழைய கட்டடம், அடக்கமான கிறிஸ்து ஆலயம். 1762இல் தரங்கம்பாடியிலிருந்து வந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் 1766இல் கட்டி முடித்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் அனாதையான படைவீரர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர் இவர். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலை கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர் கோட்டைக்குள் இருந்த இந்த ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். திரும்பி வந்து குளிக்கப் போனவர் அந்த நீர்த்தொட்டியிலேயே இறந்துபோனார். அடக்கம் செய்தது புனித யோவான் ஆலயத்தில். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நிலைத்த பெயர் அவருடையது.

நத்தர்வலி தர்காவுக்கும் ஒரு நடை போக வேண்டும். பட்டத்துக்காக ஒருவரையொருவர் ஒழிக்க நின்ற சந்தா சாகிபும் முகமது அலியும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். இடையே 43 ஆண்டுகள்.

மதில்கள் 19ஆம் நூற்றாண்டில் போய்விட்டன. அகழி தூர்ந்து சாலையானது. மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும் கோட்டையின் இரு பக்கங்களை இன்றும் காட்டிக் கொடுக்கின்றன. மிஞ்சிய அடையாளம் மெயின்கார்டு கேட். 1801 ஜூன் 16ஆம் தேதி, கும்பினியாருக்கு எதிராக எல்லாச் சாதியாரும் எழ வேண்டும் என்று சின்ன மருது விடுத்த அறிக்கை இந்தக் கோட்டையின் வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஆறே வாரத்தில், ஜூலை 31ஆம் தேதி உடன்படிக்கையோடு ஆற்காட்டு நவாபின் கர்நாடக அரசே கும்பினியின் கைக்குப் போயிற்று.

திருச்சியைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் மலைக்கோட்டை, திருவானைக்கா, ஸ்ரீரங்கம் என்று முடித்துக்கொள்கிறார்கள். கோயில்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசல், தெப்பக்குளம், சுவார்ட்ஸ் ஆலயம், மகால் என்று இந்த வரிசையில் நடந்தால் சத்திரத்திலிருந்து அரை நாள் போதும். தர்காவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். மெயின்கார்டு கேட்டை மட்டும் கடைகள் திறக்குமுன் பார்த்துவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால் பின்னால் வரும் ஆட்டோக்காரர் சும்மா விடமாட்டார்.