நாடோடி மன்னனில் காணாமல் போன நாற்பது நிமிடம்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசும்போது, "சார், வகுப்புல நீங்க சொன்ன பொய் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். மறக்குமா!

1977 தேர்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு நம் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். (அப்போது நாம் இராமநாதபுரம் மாவட்டம். 1985இல்தான் பிரிந்தோம்.) "நம்ம சனம் அவர் அரசாண்டதை முன்னாடியே பார்த்திருச்சுப்பா, 1958லயே" என்றேன். அவரே எடுத்து இயக்கிய நாடோடி மன்னனில், மன்னனின் இடத்தில் உட்காரும் நாடோடி மக்களுக்கான புதிய சட்டங்களை அறிவிப்பான். திருச்சுழிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து நான் பார்த்தபோது, பெரியவர்கள் அதை அரசாங்க உத்தரவு மாதிரி கேட்டுக் கைதட்டினார்கள்.

இந்த மாணவர் வி.சி.டி. வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் எழுந்து நின்றார். "அந்தக் காட்சி ரெண்டு வரியில முடிஞ்சிருது சார்." வகுப்பே சிரித்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கைதட்டலையும் நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ?

தட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். படம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல், அதாவது குறைந்தது 210 நிமிடம். வினாடிக்கு 24 சட்டம் ஓடும் பிலிமை நம் டி.வி. முறைக்கு 25 சட்டமாக ஓட்டுவார்கள். அதில் எட்டு நிமிடம் குறையும். அது வெட்டு இல்லை, வேகம். மீதி 200 என்றே வையுங்கள். ஒரு வி.சி.டி.யில் அதிகம் போனால் 80 நிமிடம் அடங்கும். மாணவர் வாங்கியது இரண்டு தட்டு. ஆக, குறைந்தது நாற்பது நிமிடம் போயே போச்சு! மூன்றாவது தட்டுச் செலவை மிச்சப்படுத்த யாரோ ஒருவர் சரித்திரத்தில் கத்திரி வைத்திருக்கிறார்.

சில வருடம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து வந்த இன்னொரு மாணவர் ஒரு டி.வி.டி. கொடுத்தார். அதில் அந்தக் காட்சி நீளமாகவே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வி.சி.டி.யில் முழுதாக இருந்த ஒரு பாட்டு இதில் சரணத்தில் குதித்தது. இரண்டும் வேறு வேறு பிரிண்டிலிருந்து எடுத்தவை. எந்தப் பிரிண்ட் எந்த ஊரில் எவ்வளவு அடிபட்டதோ, தட்டிலும் அதே காயம்.

பாபாவை (2002) 2022இல் வெட்டி, முடிவையும் மாற்றி விட்டார்கள். ஆளவந்தானை (2001) 2023இல் சுருக்கினார்கள். அவை எடுத்தவர்களே ஊரறியச் செய்தது. சண்டை போடவாவது ஆள் உண்டு. பழைய படங்களில் யார், எப்போது, எதை வெட்டினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964இல்தான். முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ் (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

இனிமேல் பழைய படத் தட்டு கிடைத்தால் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். நீளம் அடியில் இருந்தால் 90ஆல் வகுத்தால் நிமிடம் வரும். என் இரண்டு தட்டிலும் அந்தச் சான்றிதழும் இல்லை!

குற்றவாளிப் பட்டியலில் நானும் உண்டு. பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு ஒட்டுவார். வெட்டிய துண்டுகளுக்கு நாங்கள் டாக்கீஸ் பின்பக்கம் காத்துக் கிடப்போம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டுவோம். தகர டப்பா நிறைய வைத்திருந்தேன். அதில் எம்.ஜி.ஆரும் இருந்தார். வீடு மாறியபோது டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை.

பந்தல்குடி, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் அப்படி டப்பாவோ, நாடோடி மன்னன் பாட்டுப் புத்தகமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.