தையல் பிடித்தது, புற்று திரும்பியது

"கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாரே, அப்புறம் எப்படித் திரும்ப வந்துச்சு?" இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்த வீடுகளில் எழுகிற கேள்வி இது. கேள்விக்கு வயசு 140 வருஷத்துக்கும் மேல.

1881 ஜனவரி 29, வியன்னா. 43 வயதுப் பெண் ஒருவருக்கு இரைப்பையின் அடிவாயில் புற்று. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அவருக்கு அறுவை செய்தவர் தியோடர் பில்ரோத். அதற்கு முன்பு 1879-ல் பாரிஸில் பெயான், 1880-ல் ரிடிகியர் என இருவர் இதை முயன்றிருந்தார்கள். இரண்டு நோயாளிகளுமே ஒரு வாரம் தாண்டவில்லை. பில்ரோத் புற்று இருந்த பகுதியை வெட்டி எடுத்து, மிச்ச இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்தார். அந்தப் பெண் தேறினார், சாப்பிட்டார். மருத்துவ உலகமே கொண்டாடியது.

சுமார் நான்கு மாதத்தில் அவர் இறந்துபோனார். தையல் நன்றாகவே ஆறியிருந்தது. ஆனா புற்று வயிற்றுக்குள் வேறு இடங்களில் பரவியிருந்தது. அதாவது, கத்தி போவதற்கு முன்னாடியே செல்கள் கிளம்பிப் போயிருந்தன.

எந்த வழியாகப் போகின்றன? அதைத் தேடியதுதான் அடுத்த நூறாண்டுக் கதை. இரைப்பைச் சுவரில் பல அடுக்குகள் உண்டு. புற்று உள் அடுக்கோடு நின்றால் திரும்புவது அபூர்வம். வெளி அடுக்கையும் துளைத்துவிட்டால், செல்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து விதை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வழி நிணநீர் முடிச்சுகள், நாம் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அவைதான். மூன்றாவது வழி ரத்தம்; அது கல்லீரலுக்குக் கொண்டுபோகும். செல்லின் குணமும் முக்கியம். 1965-ல் பின்லாந்தின் லாரன் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். அதில் சிதறிப் பரவும் வகை, வயிற்றறைக்குள் திரும்புவது அதிகம்.

ஜப்பானியர்கள் முடிச்சுகளுக்கு எண் கொடுத்து, தூரத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். அது உண்மையிலேயே பலன் தருமா? நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விரிவாக எடுத்தவர்களில் ஆபரேஷனை ஒட்டிய மரணம் 10 சதவீதம், குறைவாக எடுத்தவர்களில் 4. 'தோல்வி'ன்னே நினைத்தார்கள். ஆனால் 15 வருஷம் கழித்துப் பார்த்தால், விரிவாக எடுத்தவர்களில் அதே இடத்தில் புற்று திரும்பியது 12 சதவீதம், மற்றவர்களில் 22. பல பேருக்கு மண்ணீரலையும் கணையத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்ததுதான் ஆரம்பத்தில் ஆபத்தைக் கூட்டியிருந்தது.

கத்தி எட்டாத செல்களுக்கு மருந்து வேணும். 2006-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வருஷம் உயிரோடிருந்தார்கள். ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 23 சதவீதம்.

அதனால "எல்லாத்தையும் எடுத்தாச்சா?" என்பதோடு நிறுத்தாதீங்க. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பெத்தாலஜி ரிப்போர்ட்டை வைத்து நாலு கேள்வி கேளுங்க: எத்தனை அடுக்கு ஆழம்? எத்தனை முடிச்சு பார்த்தாங்க, எத்தனையில் புற்று? வெட்டிய ஓரம் சுத்தமா? செல் எந்த வகை? பில்ரோத்தின் காலத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடையாது. இன்றைக்கு உங்க கையிலிருக்கும் காகிதத்திலேயே இருக்கு.